மொரோவிண்ட், ஒப்ளிவியன், ஸ்கைரிம்: மூணையும் திரும்ப ஓட்டிப் பாத்துட்டு எழுதறது

ஸ்கைரிம் பெஸ்ட்டா மொரோவிண்ட் பெஸ்ட்டான்னு கேக்கறவங்களுக்கு நேரா சொல்லிடறேன். அழகுக்கும் வசதிக்கும் புதுசு, அதாவது ஸ்கைரிம். ஒரு ஊருக்குள்ள போய் நாலு பேர்கிட்ட விசாரிச்சு, அவங்க சொன்னதை வெச்சு பொழைக்கற சுகம் வேணும்னா பழசு, அதாவது மொரோவிண்ட். இந்த மூணும் பெதஸ்டா கம்பெனியோட எல்டர் ஸ்க்ரோல்ஸ்ங்கற கற்பனை உலக ரோல்பிளேயிங் கேம் வரிசை. இதுல ஒவ்வொரு கேமா வர வர கிராபிக்ஸ் ஏறிக்கிட்டே போச்சு, கூடவே கேம்ல இருக்கற ஆளுங்க வாயில வர்ற வார்த்தைக்கு மதிப்பு எறங்கிக்கிட்டே வந்துடுச்சு. எனக்கு பட்டது இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

நான் இருக்கறது கிருஷ்ணகிரி, வேலை ஓசூர் சிப்காட்ல ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கி எந்திரிச்ச மத்தியானமோ இல்ல வீக் ஆஃப் அன்னைக்கோ தான் கேம் எல்லாம். பாலக்கோட்டுல இருந்து சித்தப்பா பையன் வந்து நம்ம வீட்டுல தங்கி பாலிடெக்னிக் படிக்கறான், அவனும் பக்கத்துல உக்காந்துக்குவான், பாதி நேரம் கன்ட்ரோலரே அவன் கையில தான் இருக்கும். அவனுக்கு ஸ்கைரிம் தான் முதல் கேம், எனக்கு மொரோவிண்ட் முதல், அதனால வீட்டுல தினமும் பட்டிமன்றம் தான்.

இந்த மூணுக்கும் முன்னாடி 1994ல அரீனா, 1996ல டேக்கர்ஃபால்னு ரெண்டு இருக்கு, ரெண்டுமே ஸ்டீம்ங்கற கேம் கடை சைட்ல இப்ப ஃப்ரீ. ஆர்வம் இருந்தா டவுன்லோடு பண்ணி பாருங்க, எனக்கு அரீனா அரை மணி நேரத்துக்கு மேல தாங்கல. மேட்டர் 2002ல வந்த மொரோவிண்ட்ல தான் ஆரம்பிக்குது.

மொரோவிண்ட்ல நீங்க ஒரு கைதி. கப்பல்ல இருந்து செய்டா நீன்னு ஒரு சதுப்பு நில குக்கிராமத்துல எறக்கி விடறாங்க. ஆபீஸ்ல பேரு பதிஞ்சதும், பால்மோரான்னு ஒரு ஊரு இருக்கு, அங்க கேயஸ் கோசாடஸ்னு ஒருத்தர் இருக்காரு, இந்த பார்சலை அவர்கிட்ட குடுத்துடுன்னு சொல்லி வெளிய அனுப்பிடுவாங்க. அவ்ளோதான். மேப்புல அம்புக்குறி கெடையாது, மின்னற புள்ளி கெடையாது. தம்பி கன்ட்ரோலரை வெச்சுக்கிட்டு என்னை பாக்கறான், "ண்ணா இப்ப எங்கண்ணா போறது"ன்னு. அந்தாளு சொன்னானே படிச்சியாடான்னா, "என்ன சொன்னான், நான் ஸ்கிப் பண்ணிட்டேன்"ங்கறான். ஸ்கைரிம் பழக்கம் அப்படி.

இந்த கேம்ல வழி சொல்றது எப்படின்னு தெரியணும்னா நம்ம பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. தேன்கனிக்கோட்டை தாண்டி பெட்டமுகிலாளம் பக்கத்துல ஏதாவது மலை ஊருக்கு வழி கேட்டுப் பாருங்க. பாதி கன்னடம் பாதி தமிழ்ல, இப்டியே போங்க, ஒரு நடுகல்லு வரும், அதுக்கு சோத்தாங்கை பக்கம் எறங்குங்க, பள்ளத்தை தாண்டினா ஒத்தை வீடு, அங்க கேளுங்கன்னு சொல்வாங்க. மொரோவிண்ட் முழுக்க இதே தான். ஆர்க்ங்தாண்ட்னு ட்வெமர்ங்கற மறைஞ்சு போன இனத்தோட பழைய இடிபாடு ஒன்னு, அதுக்குள்ள இருந்து ஒரு புதிர் பெட்டி எடுத்துட்டு வரணும், கதையில சீக்கிரமே வந்துடற வேலை. வேலை குடுக்கறவன் என்ன சொல்வான்னா பால்மோரா ஊரை விட்டு தெக்கால வெளிய வந்து ஆத்தை கடந்து, மூன்மாத் கோட்டையை தாண்டி மேட்டுல ஏறி, எரிமலை குழம்பு ஓடி காஞ்ச பெரிய பள்ளத்தாக்கு மேல ஒரு பழைய பாலம் இருக்கும், அந்தாண்ட போன்னு சொல்வான். போனா கதவு தெறக்காது. பக்கத்துல ஒரு குழாய்ல கைப்பிடி இருக்கும், அதை திருப்பணும். உள்ள போனா அந்த பெட்டி ஏதோ பெரிய சிம்மாசனத்து மேல ஜொலிச்சிக்கிட்டு இருக்காது, ஒரு சின்ன ரூம்ல அலமாரி மேல மத்த தட்டுமுட்டு சாமானோட சாமானா சின்ன சதுரமா கெடக்கும். கண்ணு முன்னாடி இருந்தாலும் தெரியாது. 2002ல இருந்து இந்த பெட்டியை தேடி தலையை பிச்சிக்காத ஆளே இல்லன்னு சொல்லலாம், இன்னிக்கும் புதுசா விளையாடறவங்க இந்த எடத்துல தான் திட்டுவாங்க.

தம்பியும் திட்டினான். ஆனா கெடைச்சப்ப அவன் போட்ட சத்தத்துல அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. ஸ்கைரிம்ல ட்ராகனை கொன்னப்ப கூட இவன் இப்படி கத்தினது இல்ல.

இன்னொன்னு சொல்லணும், ஃபர்கோத் விஷயம். முதல் ஊருலயே குள்ளமா ஒரு எல்ஃப் தன் மோதிரம் காணோம்னு பொலம்பிக்கிட்டு இருப்பான், அது ஆபீஸ் முற்றத்துல ஒரு பீப்பாய்க்குள்ள இருக்கும், கண்ணுல பட்டா எடுக்கலாம், குடுக்கலாம், குடுக்காமலும் போலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அதே ஊர்ல ஒரு காவல்காரன், இந்த ஃபர்கோத் பணத்தை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான், கண்டுபிடிச்சு சொல்லுன்னு கேப்பான். எப்படி கண்டுபிடிக்கறது? ராத்திரி கலங்கரை விளக்கம் மேல ஏறி நின்னு பாக்கணும். நெஜமாவே பாக்கணும், தானா ஓடற படக்காட்சி (கட் சீன்) எல்லாம் இல்ல. இருட்டுல அவன் அங்கயும் இங்கயும் திரும்பி பாத்துக்கிட்டே நடந்து போய் தண்ணியில நிக்கற ஒரு மரக்கட்டை பக்கம் குனிவான். அந்த எடத்தை கண்ணால புடிச்சு வெச்சுக்கிட்டு எறங்கி போய் கைய விட்டு எடுக்கணும். இவ்ளோ சின்ன வேலையில இவ்ளோ திருட்டு சந்தோஷம் எனக்கு எந்த புது கேம்லயும் வரல.

கேமுக்குள்ள குறுக்கு புத்திக்கு இடம் தர்றதுல மொரோவிண்ட்டை அடிச்சுக்க ஆளே இல்ல. பால்மோரா போற வழியில வானத்துல இருந்து ஒருத்தன் அலறிக்கிட்டே விழுந்து செத்துப்போவான். அவன் பையில மூணு மந்திர சுருள் இருக்கும், படிச்சா தாவற திறன் ஆயிரம் பாயிண்ட் ஏறும், ஏழே செகண்டுக்கு. நீங்களும் ஆசையா படிச்சு ஒரு தாவு தாவினா பாதி தீவை தாண்டி போய் அவனை மாதிரியே விழுந்து சாவீங்க, இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது சுருளை படிச்சா பொழைச்சுக்கலாம். யாரும் இதை சொல்லித் தர மாட்டாங்க. பறக்கற மந்திரம் இருக்கு, டெல்வானி மந்திரவாதிங்க காளான் கோபுரத்துல மாடிப்படியே இல்லாம இருக்காங்க, பறக்க தெரியலன்னா அவங்களை பாக்கவே முடியாது. கால்டேரா ஊர்ல ஒரு வீட்டுல க்ரீப்பர்னு ஒரு குட்டி பிசாசு யாபாரம் பண்ணும், அதுகிட்ட அஞ்சாயிரம் தங்கம் இருக்கும், பேரம் பேசாம முழு விலைக்கு எடுத்துக்கும். மருந்து காய்ச்சற வேலையில அறிவை கூட்டற மருந்தை குடிச்சுட்டு அந்த அறிவை வெச்சு அதைவிட பலமான மருந்து காய்ச்சி, அதையும் குடிச்சுட்டு திரும்ப காய்ச்சினா கடவுளே நீங்க தான். பேலன்ஸ்னு ஒன்னு செத்தே போச்சுன்னு ரிவ்யூல எழுதறாங்க, எனக்கு அதுதான் புடிச்சதே.

கதைக்கு முக்கியமான ஆளை கொன்னா கூட கேம் தடுக்காது. தீர்க்கதரிசனத்தோட இழை அறுந்துபோச்சு, வேணும்னா பழைய சேவுக்கு போ, இல்ல கெட்டுப்போன இந்த உலகத்துலயே கெடன்னு ஒரு மெசேஜ் வரும், அவ்ளோதான். அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் போக ஒரு கொல்லைப்புற வழி வெச்சிருக்காங்க பாருங்க, கடவுளா கும்பிடற வீவெக்கையே போட்டுத் தள்ளிட்டு அவன்கிட்ட இருக்கற கையுறையை எடுத்துட்டு போய் உலகத்துலயே மிச்சம் இருக்கற ஒரே ட்வெமர்கிட்ட குடுத்து வேலை வாங்கலாம். ஒப்ளிவியன்ல முக்கியமான ஆளுங்க அடிச்சா மயங்கி விழுந்து எந்திரிச்சுக்குவாங்க. ஸ்கைரிம்ல மண்டி போட்டு மூச்சு வாங்கிட்டு திரும்ப நின்னுக்குவாங்க. சாவே இல்ல அவங்களுக்கு.

சரி குறையும் சொல்றேன். சண்டை. கத்தி எதிரி மேல படறது உங்க கண்ணுக்கு தெரியும், ஆனா கேம் உள்ளுக்குள்ள தாயம் போட்டு பாத்து படலன்னு முடிவு பண்ணிடும். ஆயுத திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், கூடவே பச்சை கலர் களைப்பு பார், இதெல்லாம் சேத்து தான் கணக்கு. இதுல ஓடினாலே களைப்பு வந்துடும், புதுசா வர்றவங்க எல்லாரும் எலியை பாத்து ஓடிப்போய் அடிச்சு அடிச்சு காத்தை வெட்டிட்டு கேம் குப்பைன்னு அன்இன்ஸ்டால் பண்றது இதனால தான். நடந்து போங்க, கேரக்டர் செய்யும்போது எந்த ஆயுதத்தை மெயினா எடுத்தீங்களோ அதையே கையில வெச்சிருங்க, முக்கால்வாசி பிரச்சனை தீந்துடும். அப்புறம் க்ளிஃப் ரேசர். பறக்கற பல்லி மாதிரி ஒன்னு, நீங்க எங்க போனாலும் தொரத்திக்கிட்டே வரும், ஒன்னை அடிச்சா இன்னொன்னு. இதுக்கு பின்னாடி கேம்லயே ஒரு ஜோக் பண்ணாங்க, கப்பல்ல முதல்ல உங்க பேரை கேக்கற ஜியூப்னு ஒரு கைதி இருப்பான்ல, அவன் தான் அப்புறம் க்ளிஃப் ரேசரை எல்லாம் ஒழிச்சு மகான் ஆயிட்டதா ஒப்ளிவியன்ல பேசிக்குவாங்க, ஸ்கைரிமுக்கு அப்புறமா வந்த டான்கார்ட்ங்கற கூடுதல் பகுதியில (டிஎல்சி) அவன் ஆவியையே பாக்கலாம், தன் சுயசரிதை பக்கங்களை தேடித் தர சொல்லி நம்மளை வேலை வாங்குவான்.

லேப்டாப் பத்தி கேப்பீங்க. மொரோவிண்ட் 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு காலத்து கேம், இன்னிக்கு எந்த ஓட்டை லேப்டாப்லயும் ஓடும். ஒரிஜினலை அப்படியே ஓட்டாதீங்க, ஓப்பன்எம்டபிள்யூன்னு கேமை ஓட்டற ஃப்ரீ எஞ்சின் சாஃப்ட்வேர் இருக்கு, நீங்க காசு குடுத்து வாங்கின கேம் ஃபைல்ஸை அதுல காட்டினா போதும், கிராஷ் கொறையும், பெரிய ஸ்கிரீன்ல நல்லா நிக்கும், தூரத்துல மலை எல்லாம் தெரியும். சேல் நேரத்துல வாங்கினா விலையும் ஒன்னும் பெருசா இருக்காது, ட்ரைப்யூனல், ப்ளட்மூன் ரெண்டு எக்ஸ்பான்ஷனும் கூடவே வந்துடும்.

இப்ப ஒப்ளிவியன். 2006. என்னைக் கேட்டா இந்த மூணுல கதை கட்டுறதுல கெட்டிக்காரன் இது, உலகம் கட்டுறதுல சோம்பேறி. இதுல தான் அம்புக்குறி வந்துச்சு, எல்லா வசனத்துக்கும் குரல் வந்துச்சு. இந்த குரல் விஷயம் தான் எல்லாத்தையும் மாத்திடுச்சுன்னு நினைக்கறேன். மொரோவிண்ட்ல பேச்சு பெரும்பாலும் எழுத்து, ஒரு டீக்கடைக்காரன் மாதிரி ஆள் கூட ஒரு பக்கம் பேசலாம், வழி சொல்லலாம், வம்பு சொல்லலாம், செலவு இல்ல. ஒவ்வொரு வரியையும் ஆளை வெச்சு பேச வெச்சு பதிவு பண்ணணும்னா ஆத்தை தாண்டி சோத்தாங்கை பக்கம் திரும்புன்னு நூறு பேரை பேச வெக்க முடியுமா. பேச்சு சுருங்கிச்சு, சுருங்கின எடத்துல அம்பு வந்து உக்காந்துக்கிச்சு. பேட்ரிக் ஸ்டூவர்ட் பேரரசரா வந்து பேசுவாரு, ஷான் பீன் மார்ட்டினா வருவாரு, பெரிய ஆளுங்க தான், ஆனா ஊர்க்காரங்க எல்லாருக்கும் சேத்து கைவிரல் விட்டு எண்ணற அளவு குரல் தான். பிச்சைக்காரன் நடுங்கற குரல்ல காசு கேப்பான், ஊர்ல என்ன விசேஷம்னு கேட்டா டக்குன்னு ஜமீன்தார் குரல்ல பதில் சொல்வான். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சது தான் மிச்சம்.

ஆனா குவெஸ்ட், அதாவது கேம்ல நமக்கு குடுக்கற வேலை, அதை எழுதின கை தங்கக்கை. டார்க் பிரதர்ஹுட்ங்கற கூலிக்கொலை கூட்டத்துல ஒரு வேலை வரும், ஸ்கின்கிராட்ல ஒரு பங்களா, உள்ள அஞ்சு விருந்தாளி, பெட்டி நெறைய தங்கம் எங்கயோ ஒளிச்சிருக்கு கண்டுபிடிங்கன்னு சொல்லி கூப்ட்டு கதவை பூட்டிட்டாங்க, அவங்களுக்கு தெரியாதது என்னன்னா ஆறாவதா உள்ள வர்ற நீங்க தான் கொலைகாரன். ஒவ்வொருத்தரையும் மத்தவங்க கண்ணுல படாம முடிக்கணும். ஒரு பொணம் விழுந்ததும் மிச்சம் இருக்கறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பிப்பாங்க, உங்ககிட்டயே வந்து எனக்கு பயமா இருக்குன்னு சொல்வாங்க, நீங்க தலையை ஆட்டி ஆறுதல் சொல்லணும். இங்க அம்பை நீங்க மறந்தே போவீங்க, பேச்சு தான் விளையாட்டு. சேடின்ஹால்ல ஒரு ஓவியர் தான் வரைஞ்ச படத்துக்குள்ளயே மாட்டிக்குவாரு, அவரை தேடி நீங்களும் படத்துக்குள்ள போனா மரம் மட்டை எல்லாம் தூரிகை தீட்டல், அடிக்க வர்ற பூதமும் பெயிண்ட்டு, அதை கரைக்க டர்பன்டைன் வெச்சிருக்காங்க. ஆளுங்க கண்ணுக்கே தெரியாம போன ஒரு ஊர் இருக்கு. துறைமுகத்துல கப்பல் ஹோட்டல்ல படுத்து தூங்கினா முழிக்கும்போது கப்பல் நடுத்தண்ணியில இருக்கும். இந்த மாதிரி மூளைக்காரத்தனம் ஸ்கைரிம்ல ரொம்ப கொறைச்சல்.

சோம்பேறின்னு சொன்னேன்ல, அது லெவல் ஸ்கேலிங். நீங்க வளர்ற அளவுக்கு உலகமும் கூடவே வளரும். ஆரம்பத்துல கிழிஞ்ச தோல் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுல மறிச்சு நூறு தங்கம் கேட்ட திருடன், உங்க லெவல் ஏறினப்புறம் கண்ணாடி கவசம் மாட்டிக்கிட்டு வந்து அதே நூறு தங்கம் கேப்பான். டேய் உன் சட்டையை வித்தாலே ஊரையே வாங்கலாமேடா. மொரோவிண்ட்ல ஒரு குகை உங்களுக்கு ஆபத்துன்னா அது ஆபத்து தான், அடி வாங்கி ஓடி வந்து, வளந்துட்டு திரும்ப போய் பழி தீத்துக்கலாம். ஒப்ளிவியன்ல அந்த ருசியே கெடையாது, உலகம் உங்களை சுத்தி அளவெடுத்து தெச்சது.

இதோட ரீமாஸ்டர், அதாவது புதுப்பிச்ச பதிப்பு, 2025 ஏப்ரல் 22ந் தேதி முன்கூட்டி பெருசா சத்தம் போடாம திடீர்னு வந்துச்சு, விர்ச்சுவோஸ் கம்பெனியும் பெதஸ்டாவும் சேந்து பண்ணது. மேல அன்ரியல் எஞ்சின் 5 பெயிண்ட், உள்ள பழைய எஞ்சின் அப்படியே ஓடுது. அதனால பாக்க பளபளன்னு இருக்கு, பழைய பைத்தியக்காரத்தனமும் பத்திரமா இருக்கு. பழசுல ஸ்பிரிண்ட் கெடையாது, இப்ப இருக்கு. இனத்துக்கு ஏத்த மாதிரி புது குரல் சேத்திருக்காங்க. லெவல் ஏறும்போது பழசுல எந்த திறனை எத்தனை தடவை ஏத்தினோம்னு நோட்டு போட்டு கணக்கு எழுதற கொடுமை இருந்துச்சு, அதை தூக்கிட்டு பாயிண்ட் குடுத்து நாமளே பிரிச்சு போட்டுக்க விட்டுட்டாங்க, இது உண்மையிலேயே பழசை விட மேல். ஆனா அந்த கண்ணாடி கவச திருடன் இன்னும் இருக்கான். 2006ல குதிரைக்கு கவசம்னு ரெண்டரை டாலருக்கு வித்து ஊர் சிரிப்பா சிரிச்சுச்சே, இந்த தடவை டீலக்ஸ் எடிஷன்ல புது குதிரை கவசம் வெச்சு அவங்களே அவங்களை கிண்டல் பண்ணிக்கிட்டாங்க, அதுக்கும் காசு வாங்கிட்டு.

ரீமாஸ்டர் வாங்கறதுக்கு முன்னாடி சிஸ்டத்தை பாருங்க. கிட்டத்தட்ட 125 ஜிபி எடம், 16 ஜிபி ரேம் கம்மி பட்சம், கிராபிக்ஸ் கார்டும் நல்லதா வேணும். வெட்டவெளியில ஓடும்போது அடிக்கடி திக்கும், இது என் சிஸ்டத்துல மட்டும் இல்ல, நல்ல கார்டு வெச்சிருக்கற ஆளுங்களும் பொலம்பறாங்க. நம்ம ஏரியாவுல டவுன்லோடே ஒரு குவெஸ்ட், நைட்டு போட்டுட்டு படுத்தா கரண்ட்டு போய் ரௌட்டர் ஆஃப் ஆகி காலையில பாத்தா பாதியில நிக்கும், ஸ்டீம் விட்ட எடத்துல இருந்து எடுத்துக்குது அதுவரைக்கும் புண்ணியம். லேப்டாப் வாங்கின கடையில இதெல்லாம் சூப்பரா ஓடும் சார்னு சொன்னாங்க, கடை பேரு வேணாம் விடுங்க, இவ்ளோ சூடாகும்னு யாரும் சொல்லல. கேம் பாஸ்னு மாச சந்தா இருந்தா அதுல கெடைக்குது, ஒரு மாசம் போட்டு ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் வாங்கறது புத்திசாலித்தனம்.

ஸ்கைரிம் பத்தி என்ன சொல்றது, 2011 நவம்பர் 11ல வந்துச்சு, உலகத்துல பாதி பேரு விளையாடிட்டாங்க, 6 கோடி காப்பிக்கு மேல வித்துருக்குன்னு அதோட டைரக்டர் டாட் ஹோவார்டே சொல்லிட்டாரு. நடக்கறதுக்கு இதை விட நல்ல கேம் இல்ல. ஷிப்ட் முடிஞ்சு மண்டை சூடா வந்து உக்காந்து, பனி கொட்டற மலையில சும்மா நடந்துக்கிட்டு ஜெரமி சோல் போட்ட மியூசிக்கை கேட்டுக்கிட்டு இருந்தா போதும், மூணு கேமுக்கும் மியூசிக் அவர் தான். வில்லை இழுத்து தூரத்துல இருந்து ஒளிஞ்சு விடற சுகம் மத்த ரெண்டுலயும் இவ்ளோ இல்ல. சண்டை கையில நல்லா நிக்குது. லெவல் ஸ்கேலிங்கும் ஒப்ளிவியன் அளவுக்கு முட்டாள்தனமா இல்ல.

ஆனா எடுத்துட்டாங்க, நெறைய எடுத்துட்டாங்க. மொரோவிண்ட்ல 27 திறன், ஒப்ளிவியன்ல 21, இதுல 18. பலம், அறிவு, வேகம்னு இருந்த எட்டு குணமும் போய் உயிர், மந்திரம், மூச்சு மூணே பார். சொந்தமா மந்திரம் செய்யற வசதி முந்தின ரெண்டுலயும் இருந்துச்சு, இதுல கெடையாது. மந்திரவாதி காலேஜ்ல சேர ஒரு மந்திரம் போட்டு காட்டினா போதும், அப்புறம் கோடாலி எடுத்து எல்லாரையும் வெட்டிட்டே போனாலும் கடைசியில பிரின்ஸிபால் நீங்க தான். மொரோவிண்ட்ல கில்டுல, அதாவது தொழில் சங்கத்துல, ஒரு படி ஏறணும்னா அந்த வேலை தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா இன்னும் கத்துக்கிட்டு வா தம்பின்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம கம்பெனில கூட அப்படி இல்லன்னு வெச்சுக்கங்க.

ரிவர்வுட்னு முதல் ஊருல ஒரு மளிகைக்கடை, அங்க ஒரு தங்க நகம் திருடு போயிடும், மேல மலையில இருக்கற பழைய கல்லறைக்குள்ள இருந்து மீட்கணும். கடைக்காரன் தங்கச்சி கமில்லா உங்க கூடவே ஊர் எல்லை பாலம் வரைக்கும் நடந்து வந்து, அதோ அந்த மலை, இந்த பாதையில போங்கன்னு கைய காட்டுவா. அவ்ளோ நல்லா இருக்கும் அந்த சீன். கல்லறைக்குள்ள மூணு வளையம் வெச்ச கதவு, விடை அந்த நகத்துலயே செதுக்கியிருக்கும், பையில இருந்து எடுத்து திருப்பி உள்ளங்கை பக்கம் பாத்தா கரடி, விட்டில், ஆந்தை. முதல் தடவை இதை கண்டுபிடிச்சப்ப தம்பிக்கு வந்த சந்தோஷத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். பிரச்சனை என்னன்னா அதுக்கப்புறம் இந்த மாதிரி கைய காட்டி வழி சொல்ற ஆள் கேம்ல அநேகமா இல்ல. நான் ஒரு வாரம் அம்புக்குறியை ஆஃப் பண்ணிட்டு ஆடி பாத்தேன். குறிப்பு புத்தகத்தை தெறந்தா, இன்ன குகையில இருந்து இன்ன பொருளை எடுத்து வான்னு ஒரு வரி. அந்த குகை எங்க இருக்கு, எந்த ஊருக்கு எந்த பக்கம், ஒன்னும் இல்ல. வேலை குடுத்தவன்கிட்ட திரும்ப போய் கேட்டாலும், இன்னும் முடிக்கலையான்னு மட்டும் தான் கேப்பான். அம்பு வேணாம்னா விட்டுடலாமேன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில், அம்பை எடுத்துட்டா இந்த கேம்ல வேலையே நடக்காது, ஏன்னா வாயால வழி சொல்ற வேலையை யாருக்கும் தரல.

தம்பி இதுக்கு ஒரு பாயிண்ட் சொன்னான், நியாயமான பாயிண்ட். "ண்ணா, எனக்கு காலேஜ் விட்டு வந்து ஒரு மணி நேரம் தான் இருக்கு, அதுல முக்கால் மணி நேரம் பாலத்தை தேடவா"ன்னான். பதில் சொல்ல முடியல. ஸ்கைரிம் குகை எல்லாம் பாருங்க, கடைசி ரூம்ல பெட்டியை எடுத்ததும் பக்கத்துலயே ஒரு குறுக்கு வழி தெறந்து வாசலுக்கு கொண்டு வந்து விட்டுடும். உங்க நேரத்தை அவ்ளோ மதிக்கறாங்க. மொரோவிண்ட் உங்க நேரத்தை மதிக்காது, சில்ட் ஸ்ட்ரைடர்னு ஆனையை விட உசரமா ஒரு பூச்சி, அதுதான் அங்க டவுன் பஸ், அது போற ஊருக்கு மட்டும் தான் போகும், மிச்சம் கப்பல், கில்டு மந்திரவாதி, அதுவும் இல்லன்னா நடந்தே போகணும். அதனாலயே எனக்கு அந்த தீவோட ரோடு எல்லாம் மனப்பாடம். ஸ்கைரிம் அதைவிட அதிக நேரம் ஆடியிருக்கேன், மேப்பை மூடிட்டு ரிஃப்டன்ல இருந்து மார்கார்த்துக்கு வழி சொல்லுன்னா முழிப்பேன்.

யாருக்கு எது? கேமே புதுசுன்னா ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் தான், 2016ல வந்தது, 64 பிட், பழைய 2011 எடிஷனை விட கிராஷ் கொறைவு, நடுத்தர லேப்டாப்ல தாராளமா ஓடும், மூணு டிஎல்சியும் உள்ளயே இருக்கு. ஆனிவர்சரி எடிஷனுக்கு கூட காசு போடணும்னு அவசியம் இல்ல, அதோட வந்த மீன் புடிக்கற வசதி ஸ்பெஷல் எடிஷன்லயே ஃப்ரீயா கெடைக்குது. கதை வேணும், சிரிக்கணும், கார்டு இருக்குன்னா ஒப்ளிவியன் ரீமாஸ்டர். கார்டு இல்லன்னா பழைய ஒப்ளிவியனே இன்னும் விக்கறாங்க, அந்த கொலைகார விருந்து அதுலயும் அதே விருந்து தான், முகம் மட்டும் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். படிக்க பொறுமை இருந்தா மொரோவிண்ட், மறுபேச்சே இல்ல. இங்கிலீஷ் படிக்கறது கஷ்டம்னு ஒதுங்கறவங்க நம்ம பக்கம் நெறைய பேரு இருக்காங்க, தெரியும், மூணுலயும் தமிழ் கெடையாது, ஆனா மொரோவிண்ட்ல எழுத்து ஸ்கிரீன்லயே நிக்கும், உங்க வேகத்துக்கு படிச்சுக்கலாம், தெரியாத வார்த்தையை போன்ல தேடிக்கலாம். ஸ்கைரிம்ல பேசிட்டு போயிட்டே இருப்பான், சப்டைட்டிலும் கூடவே ஓடிடும்.

மொரோவிண்ட் மெயின் கதையை முடிச்சிட்டீங்கன்னா உடனே டாம்ரியல் ரீபில்ட்னு ஒரு மாட், அதாவது கேம்ல சேக்கற கூடுதல் ஃபைல், போடுங்க. ஒரிஜினல் கேம் வார்டன்ஃபெல்னு ஒரு தீவு மட்டும் தானே, சுத்தி இருக்கற மெயின்லேண்டை ரசிகர்களே இருபது வருஷத்துக்கும் மேல கட்டிக்கிட்டு வர்றாங்க, சம்பளம் இல்லாம. 2025ல கூட நார்சிஸ்னு ஒரு பெரிய நகரத்தை புதுசா சேத்து விட்டாங்க. துறைமுகத்துல கப்பல்காரன்கிட்ட பேசினா லிஸ்ட்ல புது ஊர் பேரெல்லாம் வரும். அங்கயும் அம்புக்குறி கெடையாது, வேலை குடுக்கற ஒவ்வொருத்தனும் உக்கார வெச்சு வழி சொல்றான். ஓப்பன்எம்டபிள்யூல போடறதா இருந்தா டாம்ரியல் டேட்டான்னு இன்னொரு ஃபைல் தனியா இறக்கி, லோடு ஆர்டர்ல (ஃபைல் ஏத்தற வரிசை) மாட் ஃபைலுக்கு மேல வெக்கணும், அதை விட்டுட்டா எர்ரர் தான் வரும்.